ஈரக்காற்றும் வறுத்த கடலையும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தலைநகரான ஜொகூர் பாருவில் காற்றின் சார்பு ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. இப்படிப்பட்ட மாநிலத்தில் மக்கள் விரும்பிக் கொறிப்பதோ, உலர்ந்திருந்தால் மட்டுமே ருசிக்கும் பண்டம். ஜாலான் உங்கு புவான் ராஜமாரியம்மன் கோயிலைச் சுற்றிய கடைத்தெருவிலும், மாசாய், கூலாய், குளுவாங் இரவுச் சந்தைகளிலும் கடலை எத்தனையோ வடிவங்களில் விற்கிறது. உப்புக் கடலை, சீனிக் கடலை, பூண்டு போட்டது, மிளகாய்த்தூள் புரட்டியது, நெத்திலியும் கறிவேப்பிலையும் சேர்த்துப் பொரித்தது, மாவில் தோய்த்த மசாலாக் கடலை, வெல்லப்பாகில் இறுகிய கடலை மிட்டாய், பத்து பகாட், பொந்தியான் பக்கம் ஜாவா வழிவந்த குடும்பங்கள் பொரித்தெடுக்கும் ரெம்பெயெக் என்று பட்டியல் நீளும். இவற்றை நாம் மேலே தூவிய பொருளைக் கொண்டே பெயரிட்டுப் பிரிக்கிறோம். ஆனால் வேதியியலின் பக்கமிருந்து பார்த்தால் இந்தப் பிரிவினை மேலோட்டமானது. ஒவ்வொரு வகையும் கடலையில் இருக்கும் நீரையும் காற்றிலிருந்து வரத் துடிக்கும் நீரையும் கையாளுவதற்கான ஒரு தனி வழி. மணமும் மொறுமொறுப்பும், சிக்குவாடையும், உயிருக்கே ஊறு செய்யும் பூஞ்சை நச்சும் அந்த வழியைப் பொறுத்துத்தான் அமைகின்றன. கடலையை மசாலாவால் மதிப்பிடுவதைவிட நீரால் மதிப்பிடுவது நமக்கு அதிகம் சொல்லித்தரும் என்பதே இங்கே நான் நிறுவ விரும்புவது.

ஒரு பண்டத்தில் எத்தனை விழுக்காடு நீர் இருக்கிறது என்று கேட்பது பழைய வழக்கம். 1950களில் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் வேறொரு கேள்வியை முன்வைத்தார்: இருக்கும் நீரில் எவ்வளவு கட்டற்றுத் திரிகிறது? நிரந்தர வைப்பில் பூட்டிய பணமும் சட்டைப்பையில் இருக்கும் பணமும் ஒருவருக்கே சொந்தமானாலும் கடைக்குப் போனால் கைகொடுப்பது இரண்டாவதுதான். அதுபோல உப்பும் சர்க்கரையும் மாவும் இறுகப் பிடித்து வைத்திருக்கும் நீர் பூஞ்சைக்கும் வேதிவினைகளுக்கும் கிட்டாது, மிச்சமிருப்பதே கிட்டும். இந்தக் கிட்டும் நீரின் அளவை நீர்ச் செயல்திறன் என்ற பெயரில் சுழியத்திலிருந்து ஒன்று வரை அளக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. ஒரு பண்டத்தைத் திறந்து வைத்தால் அதன் நீர்ச் செயல்திறன் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதத்தை நோக்கி நகரும். ஈரப்பதம் 80 விழுக்காடாக உள்ள காற்றில் நெடுநாள் கிடக்கும் கடலை 0.80ஐ எட்டியே தீரும். இங்கேதான் ஜொகூரின் சங்கடம் இருக்கிறது. பொரித்த, உப்பிய தின்பண்டங்கள் 0.35க்கும் 0.50க்கும் இடையில் மொறுமொறுப்பை இழந்துவிடுகின்றன என்பது 1980களின் தொடக்கத்திலேயே அளந்து காட்டப்பட்டது. கடலையில் நச்சு சுரக்கும் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையோ ஏறத்தாழ 0.80ல் வளரத் தொடங்குகிறது. அதாவது இந்த மாநிலத்தின் அன்றாடக் காற்று மொறுமொறுப்பின் எல்லையை எப்போதோ கடந்துவிட்டது. பூஞ்சையின் எல்லையில் நிற்கிறது. குளிர்சாதனம் ஓடும் அறையில் ஈரப்பதம் 55, 60 விழுக்காடாகக் குறையலாம். பூஞ்சையைத் தடுக்க அது போதும், நமத்துப் போவதைத் தடுக்கப் போதாது.

வறுத்தல் இந்தக் கதையில் முதல் வேலை. காயவைத்த பச்சைக் கடலையில் எடையில் ஐந்திலிருந்து ஏழு விழுக்காடு வரை நீர் இருக்கும். நன்றாக வறுத்தபின் ஒன்றிரண்டு விழுக்காடுதான் எஞ்சும். வெளியேறும் நீர் வெப்பத்தையும் உடன் எடுத்துச் செல்வதால் பருப்பு முதலில் மெதுவாகவே சூடேறுகிறது. ஈரம் குறையக் குறைய வெப்பம் ஏறி, பருப்பிலுள்ள சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் ஒன்றோடொன்று வினைபுரியத் தொடங்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெயிலார்டு 1912ல் விவரித்த வினை இது. சோற்றின் அடிப்பிடித்த பொன்னிறத்திலும் தோசையின் ஓரத்திலும் நடப்பதும் இதுவே. கடலையில் இதன் விளைவாகப் பிறக்கும் பைரசின் என்ற சேர்மங்களைத்தான் 'வறுத்த கடலை வாசம்' என்று மூக்கு அடையாளம் காண்கிறது. 1960களில் அமெரிக்க ஆய்வாளர்கள் அவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். தீயைக் கூட்டி அவசரப்பட்டால் மேல்தோல் கருகிவிடும், நடுவில் ஈரம் தங்கிவிடும். அந்தக் கடலை வாயில் போட்ட உடனே கசக்கும், மறுநாளே நமத்துப்போகும். சூடான மணலில் போட்டு வறுக்கும் பழைய முறை இதற்கு நல்ல பதில். மணல் ஒவ்வொரு பருப்பையும் எல்லாப் பக்கமும் தொட்டுச் சீராகச் சூடேற்றுவதால், நிறம் மாறுவதற்குள் உள்ளிருக்கும் ஈரம் வெளியேற அவகாசம் கிடைக்கிறது. மேலே எதைத் தூவினாலும் அடியில் நிற்கும் சுவை இந்த அவகாசத்தில் உருவானதுதான். வறுவல் சரியாக இல்லாத கடலையை எந்த மசாலாவும் காப்பாற்றியதில்லை.

உப்புக்கு வருவோம். எளிய பொருளாகத் தோன்றினாலும் இந்தத் தட்பவெப்பத்தில் அதுதான் சிக்கலானது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பின் படிகம் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே இந்த வேலையைச் செய்துவிடும். ஆகவே வறுத்த கடலையின் மேல் உப்பைத் தூவித் திறந்த தட்டில் வைப்பது, ஜொகூரில், பருப்பின் முதுகில் ஈரம் இழுக்கும் பொருளை ஏற்றிவைப்பதற்குச் சமம். பேராக் மாநிலத்தின் மெங்லெம்பு கடலை இதை வேறு விதமாகத் தீர்த்தது. ஓட்டோடு உப்புநீரில் வேகவைத்து, காயவிட்டு, பிறகு ஓட்டோடே வறுக்கிறார்கள். உப்பு பருப்புக்குள் இறங்கிவிடுகிறது. மேற்பரப்பில் படிகமாக நிற்பதில்லை. ஓடு காற்றின் ஈரம் உள்ளே வருவதைத் தாமதப்படுத்துகிறது. உடைத்துத் தின்னும் நொடிவரை ஒவ்வொரு பருப்புக்கும் தனி உறை இருக்கிறது. மெங்லெம்பு அடங்கிய அதே ஈப்போ வட்டாரத்தில், புந்தோங்கில், எட்டயபுரம் பக்கமிருந்து குடியேறிய தமிழர்கள் உருவாக்கிய கம்போங் கச்சாங் பூத்தே என்ற குடியிருப்பு இன்றும் நாடு முழுவதற்கும் கடலையும் முறுக்கும் அனுப்புகிறது. அங்கே வறுத்தது ஜொகூருக்கு வந்து சேரும் வரை மொறுமொறுப்பாக இருக்க வேண்டும் என்பது வணிகத்தின் கட்டாயம். உள்ளிறங்கிய உப்பு, மூடிய தகரம், விரைவான விற்பனை ஆகிய மூன்றும் அந்தக் கட்டாயத்துக்கு ஈடுகொடுக்கின்றன.

சர்க்கரை உப்பைவிடச் சுவாரசியமானது, ஏனென்றால் அது இரண்டு நிலைகளில் கடலையைப் போர்த்த முடியும். கோவில்பட்டிக் கடலை மிட்டாயை எடுத்துக்கொள்வோம். 2020ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். வெல்லப்பாகைச் சரியான பதத்துக்குக் காய்ச்சிக் கடலையைப் போட்டுப் பரப்பினால், பாகு படிகமாவதற்கு நேரமில்லாமல் சட்டென இறுகுகிறது. அப்படி ஒழுங்கின்றி உறைந்த திண்மத்தை அறிவியல் கண்ணாடி என்றே அழைக்கிறது. ஜன்னல் கண்ணாடியும் அதே வகையில் உறைந்த திண்மம்தான். பல்லில் படும்போது 'டக்' என்று உடைவது அதனால்தான். ஆனால் சர்க்கரைக் கண்ணாடிக்கு நீர் எதிரி. ஈரமற்ற தூய சர்க்கரைக் கண்ணாடி 60 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இளகும். ஒருசில விழுக்காடு நீர் கலந்தாலே அந்த வரம்பு பல டிகிரி இறங்கி அறை வெப்பத்துக்கு வந்துவிடும். வெல்லத்தில் குளுக்கோசும் பிரக்டோசும் இயல்பாகவே கலந்திருப்பதால் அது இன்னும் விரைவில் இளகும், இன்னும் ஆவலாக ஈரம் இழுக்கும். கோவில்பட்டியின் வறண்ட கரிசல் காற்றில் வாரக்கணக்கில் நிற்கும் மிட்டாய், ஜொகூரில் உறையைப் பிரித்து வைத்த அன்று மாலையே விரலில் ஒட்டுகிறதென்றால் செய்தவர் மேல் பழியில்லை. இப்போது தள்ளுவண்டியில் விற்கும் சீனிக் கடலையைப் பாருங்கள். வெள்ளைச் சீனிப்பாகில் கடலையைப் போட்டு, பாகு வற்றி வெண்மையாகப் பூத்து மணல்மணலாகும்வரை விடாமல் கிளறுகிறார்கள். அந்தக் கிளறல் சீனியைப் படிகமாக்குகிறது. படிகச் சீனி ஏறத்தாழ 85 விழுக்காடு ஈரப்பதம் வரை காற்றின் நீரைச் சட்டை செய்வதில்லை. கண்ணாடிக்கும் படிகத்துக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை யாரும் ஆய்வகத்தில் கணக்கிட்டுத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஈரமான கடலோர ஊர்களில் சீனிக் கடலை நிலைத்து நின்றதற்கு வேதியியல் நல்ல காரணம் தருகிறது.

மாவுப் போர்வை இன்னொரு வழி. கடலைமாவும் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் பிசறி எண்ணெயில் போடும் மசாலாக் கடலை தமிழ்நாட்டின் எந்தக் கடைவீதியிலும் உண்டு. மெக்சிகோ நகரில் குடியேறிய ஜப்பானியரான யோஷிகெய் நகதானி 1945ல் கோதுமை மாவும் சோயா சாறும் கொண்டு உருவாக்கிய போர்வைக் கடலை இன்றும் அந்நாட்டில் 'ஜப்பானியக் கடலை' என்ற பெயரில் விற்கிறது. உருளும் பெரிய கலத்தில் கடலையைப் போட்டு மாவையும் பாகையும் மாறி மாறித் தெளித்து இயந்திரத்தில் செய்யும் மலேசியப் பாக்கெட் கடலைகளும் இதே குடும்பம். சூட்டில் மாவிலுள்ள ஈரம் ஆவியாகிப் பொங்கி, வெளியேறிய இடத்தில் நுண்ணிய காற்றறைகளை விட்டுச்செல்கிறது. அந்த அறைச்சுவர்கள் உடைவதுதான் மொறுமொறுப்பு. ஜொகூரின் ரெம்பெயெக் இந்தக் குடும்பத்தின் நுட்பமான உறுப்பினர். அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் தண்ணீராகக் கரைத்து, கொத்தமல்லி விதையும் பூண்டும் சேர்த்து, சில வீடுகளில் சுண்ணாம்புத் தெளிநீரும் விட்டு, சட்டியின் விளிம்பில் ஊற்றி எண்ணெய்க்குள் வழியவிடுகிறார்கள். அரிசியில் கோதுமையைப் போல நீரைப் பிடித்து இழுபடும் பசைப்புரதம் இல்லாததால் மெல்லிய ஏடு சில நிமிடங்களில் முழுக்க வற்றிவிடும். எண்ணெயில் குமிழி அடங்குவதை வைத்துப் பதம் பார்ப்பதும் நீரைப் பார்ப்பதுதான், குமிழி என்பது வெளியேறும் நீராவி. எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு விரைவில் வற்றும், அவ்வளவு விரைவில் திரும்ப ஈரமும் குடிக்கும். ஹரி ராயா நாட்களில் ரெம்பெயெக் காற்றுப்புகாத பிஸ்கட் தகரத்திலேயே வைக்கப்படுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கடலையை நீரால் மதிப்பிட வேண்டும் என்ற என் வாதத்துக்கு முதல் மறுப்பு அவித்த கடலை. நீரில் வெந்து நீரோடே விற்கும் பண்டம் ருசிக்கத்தானே செய்கிறது, பிறகு நீரை எதிரியாகப் பேசுவது ஏன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஆனால் பதில் என் வாதத்தை வலுப்படுத்துகிறது. வேகவைக்கும்போது பருப்பு 100 டிகிரியைத் தாண்டுவதே இல்லை. நீரும் தாராளமாக இருக்கிறது. ஆகவே பைரசின்கள் உருவாவதில்லை. நமக்குக் கிடைப்பது பயறுக்கு நெருக்கமான, மாவான, மெல்லிய இனிப்புள்ள வேறொரு உணவு. ஒரே பருப்பு நீரோடு ஒரு பண்டமாகவும் நீரின்றி மற்றொரு பண்டமாகவும் ஆகிறது, தூவிய மசாலா எதுவும் இல்லாமலே. ஒவ்வாமை ஆய்விலும் இந்தப் பிளவு தெரிகிறது. 2001ல் அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று, சீனாவில் வழக்கமான அவித்தலும் பொரித்தலும் அமெரிக்காவில் வழக்கமான உலர்வறுவலைவிடக் கடலையின் ஒவ்வாமைப் புரதங்களின் தாக்கத்தைக் குறைக்கின்றன என்று அளந்து காட்டியது. இரு நாடுகளுக்கும் இடையே ஒவ்வாமை வேறுபடுவதற்கு அது ஒரு காரணமாகலாம் என்றது. (ஒவ்வாமை உள்ளவர் அவித்ததைத் தின்னலாம் என்று இதற்குப் பொருளில்லை.) அவித்த கடலையின் நீர்ச் செயல்திறன் ஒன்றுக்கு மிக அருகில் இருப்பதால் அது அன்றன்றே விற்றுத் தீர வேண்டும். ஆவி பறக்க விற்பதும் மிச்சத்தை மறுநாளுக்கு வைக்காததும் அந்த வணிகத்தின் எழுதாத விதி.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. பழைய கடலையின் சிக்குவாடைக்குக் காரணம் உயிர்வளி (ஆக்சிஜன்). அதற்கும் நீருக்கும் என்ன தொடர்பு? கடலையின் எடையில் ஏறத்தாழ பாதி எண்ணெய், அதில் கணிசமான பங்கு எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் லினோலெயிக் அமிலம். அது சிதையும்போது வரும் ஆல்டிஹைடுகள் பைரசின்களின் மணத்தை மூடிவிடுகின்றன. வறுகடலையின் வாசம் மங்கிப்போவதாக நாம் உணர்வதில் பெரும்பகுதி இந்த மூடல்தான். குற்றவாளி உயிர்வளி என்பது சரி. ஆனால் அந்த வினையின் வேகத்தையும் நீர் ஆள்கிறது. 1970களில் உணவு அறிவியலாளர் தியோடர் லபூசா வரைந்த உணவு நிலைப்பு வரைபடத்தில் கொழுப்பின் சிதைவு நீர்ச் செயல்திறன் 0.2க்கும் 0.4க்கும் இடையில் இருக்கும்போதுதான் மிக மெதுவாக நடக்கிறது. அதற்குக் கீழேயும் வேகம் கூடும், மேலேயும் கூடும். எலும்பாகக் காய்ந்துபோனால் கெடாது என்ற நம்பிக்கையை இந்த வரைபடம் திருத்துகிறது: மிக மெல்லிய நீர்ப்படலம் கொழுப்பைக் காக்கவும் செய்கிறது. போர்வையின் மதிப்பும் இங்கே புலப்படும். 1996ல் கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குரோச்டாவும் உடன் ஆய்வாளர்களும் வறுத்த கடலைக்குப் பால் மோர்ப்புரதத்தால் மெல்லிய பூச்சு கொடுத்து, சிக்குவாடை தாமதமாவதைக் காட்டினார்கள். உலர்ந்த பூச்சு உயிர்வளியைத் தடுக்கும். ஈரமேறிய பூச்சில் அந்தத் தடுப்பு தளரும். பயிர் மேம்பாட்டின் பக்கமிருந்தும் முயற்சி உண்டு. ஜூனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி நிறுவனமும் ஹைதராபாத்தின் இக்ரிசாட் பயிராராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கிர்நார் 4, கிர்நார் 5 ரகங்களில் எண்ணெயின் ஐந்தில் நான்கு பங்கு நிலையான ஒலெயிக் அமிலம். சிக்குவாடைக்கு அது பெரிய தீர்வு. நமத்துப்போவதற்கு அதில் பதில் இல்லை, பூஞ்சைக்கும் இல்லை.

பூஞ்சையைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்த எனக்கு விருப்பமில்லை. 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தில் அதற்கான காரணம் இருந்தது. அந்தத் தேடலில்தான் அஃப்ளடாக்சின் என்ற இந்தப் பூஞ்சை நச்சு கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என உறுதியான பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. மலேசியாவுக்கு இது தொலைதூரச் செய்தி கிடையாது. 1988 அக்டோபரில் பேராக்கில் நூடுல்ஸ் உண்ட 13 குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். ஆய்வு அஃப்ளடாக்சினைச் சுட்டியது. அது கடலையால் வந்ததில்லை, ஆனால் இந்த வெப்பத்திலும் ஈரத்திலும் அந்த நச்சு என்ன செய்யும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டாம். கடலையில் நச்சு நுழையும் வழியும் நீரின் கதையே, அதுவும் இரு முனையிலிருந்து. வயலில் நீர் போதாமல் போனால் முதல் ஆபத்து. அறுவடைக்கு முந்தைய வாரங்களில் மழை பொய்த்து மண் சூடேறினால், பருப்பு வற்றி, பூஞ்சையை எதிர்க்கத் தானே சுரக்கும் காப்புப் பொருள்களைச் சுரக்க முடியாமல் போகிறது. அமெரிக்காவின் டாசன் நகர நிலக்கடலை ஆய்வகம் 1980களில் இதை, நிலைமைகளைக் கட்டுப்படுத்திய சோதனை நிலங்களில் நிறுவியது. திருவண்ணாமலை, விழுப்புரம் மானாவாரிக் காடுகளில் விளைவிப்போருக்கு அந்தக் கடைசி மழையின் அருமை நன்றாகத் தெரியும். அறுவடைக்குப் பின் நீர் மிகுவது இரண்டாவது ஆபத்து. சரியாகக் காயாத மூட்டை, பகலில் சூடேறி இரவில் குளிரும் கப்பல் கொள்கலனின் கூரையில் வியர்த்துச் சொட்டும் துளிகள், பாசிர் கூடாங்கிலோ கிள்ளானிலோ இறங்கியபின் கிடங்கில் காத்திருக்கும் நாட்கள் எல்லாம் 0.80ஐ நோக்கிய படிகள்.

வறுத்தால் நச்சு போய்விடாதா? ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. சமையலறை வெப்பத்துக்கு எளிதில் அசையாத மூலக்கூறு அது. பொறுக்குவதுதான் மிகப் பெரிய பாதுகாப்பு. நூற்றுக்கணக்கான நல்ல பருப்புகளுக்கு நடுவே ஒன்றிரண்டில் நச்சு அடர்ந்திருப்பதும், அவை பெரும்பாலும் சுருங்கி, நிறம் மங்கி, உடைந்து காணப்படுவதும் வழக்கம். அவற்றைக் கையாலோ ஒளிக்கதிர்ப் பொறியாலோ நீக்கினால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. மாவுப் போர்வையையும் அடர்ந்த மசாலாவையும் பற்றிய என் கவலை இங்கேதான். ஓட்டுக் கடலையும் தோலோடு வறுத்த கடலையும் தம்மைக் காட்டிக்கொள்கின்றன. சுருங்கியதைக் கண் பிடிக்கும், பூசணத்தின் கசப்பை நாக்கு பிடித்துத் துப்பச் சொல்லும். பூண்டும் மிளகாயும் சீனியும் மாவும் போர்த்தியபின் இந்த இரண்டு காவலும் வேலை செய்வதில்லை. சுவைப்பொருளே நஞ்சு என்று நான் சொல்லவில்லை. பூண்டுக் கடலை அருமையான பண்டம், அதில் நல்ல பருப்பு இருக்கும்வரை. போர்வைக்குள் எந்தத் தரத்துப் பருப்பு போனது என்பது தயாரிப்பவரின் நாணயத்தைப் பொறுத்தது. அதனால் அவர்களிடம் நாம் கூடுதலாகக் கேட்க உரிமை உண்டு.

சட்டமும் சோதனையும் இருக்கும்போது இந்த அச்சம் மிகை என்று சிலர் சொல்வார்கள். மேற்கொண்டு பதப்படுத்த வேண்டிய கடலைக்குச் சர்வதேச உணவுத் தர நெறியான கோடெக்ஸ் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் அஃப்ளடாக்சின் என்ற உச்சவரம்பை வைத்திருக்கிறது. நேரடியாக உண்ணும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 4 மைக்ரோகிராம் என்கிறது. மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகளும் வரம்பு விதிக்கின்றன. இவை உண்மையான பாதுகாப்புகள். அஃப்ளடாக்சினின் தீங்கைப் பன்மடங்காக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரசுக்கு 1989 முதல் மலேசியக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுவதும் பெரிய சாதனை. ஆனால் அந்த ஆண்டுக்கு முன் பிறந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. நச்சு சில பருப்புகளில் மட்டும் குவிந்திருப்பதால், மூட்டையில் எடுத்த மாதிரி சுத்தமாக இருந்து மூட்டை சுத்தமற்று இருப்பதும் நடக்கும். துறைமுகத்தில் தேறிய கடலை, பிறகு மூடாத கோணியில் இருவாரம் கிடந்தால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை. இந்த வாதம் சிறு வியாபாரியின் வயிற்றில் அடிப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. அன்று வறுத்ததை அன்றே, தோலோடு, கண்முன் அள்ளிக் காகிதக் கூம்பில் போட்டுத் தருபவருக்கு நீரின் கணக்கு முழுக்கச் சாதகமாக இருக்கிறது. அவருடைய கடலைக்கு 0.80ஐ எட்ட அவகாசமே கிடைப்பதில்லை. நைட்ரஜன் நிரப்பிய அலுமினியப் பையும் மாதக்கணக்கில் காக்கும், சந்தேகமில்லை. பையைக் கிழித்த நொடியிலிருந்து இரண்டும் ஒரே காற்றில்தான்.

ஆகவே கேட்க வேண்டியது ஒரு தகவல்: வறுத்த தேதி. பாக்கெட்டில் காலாவதித் தேதி அச்சிடப்படுகிறது, ஆனால் அது உற்பத்தியாளரின் கணிப்பு. ஈரமும் உயிர்வளியும் வேலையைத் தொடங்கியது எப்போது என்பதை வறுத்த தேதிதான் சொல்லும். காப்பிக்கொட்டை விற்பவர்கள் பல ஊர்களில் அதை அச்சிடத் தொடங்கிவிட்டார்கள். கடலைக்கு அது இன்னும் அவசியம். இரவுச் சந்தையில் பெரிய போத்தல்களிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் கடைக்காரரும் ஒரு துண்டுக் காகிதத்தில் அதை எழுதி ஒட்டலாம், செலவு ஒன்றுமில்லை. வாங்கியவர் இறுக மூடும் தகரத்தில் சிறிது சிறிதாக வைத்துக்கொள்வதும், ஈரக்கையை உள்ளே விடாமல் இருப்பதும் மீதி வேலை. நமத்துப்போன வறுகடலையைச் சிறு தீயில் வெறும் சட்டியில் புரட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும், ஏறியது நீர் மட்டும்தான் என்றால். சிக்குவாடை வந்ததும் பூசணம் பட்டதும் அந்தச் சட்டியில் மீளாது. அவற்றைக் குப்பையில் போடத் தயங்கக்கூடாது, கோழிக்கும் போடக்கூடாது.